நெபுலாவின் செவ்வொளி

மார்கழி இரவில் நாகலாபுரத்திலிருந்து வானை நோக்கினால், ஓரியன் மண்டலத்தின் மூன்று விண்மீன்களுக்கு அருகே மங்கிய ஒளித்திட்டு ஒன்று தென்படும். அதுவே ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓரியன் நெபுலா. அதன் நடுவிலுள்ள வெப்பமிக்க இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்கின்றன. அவை மீண்டும் சேருங்கால் 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளி பிறக்கிறது.

இவ்வலைநீளத்தைச் சுற்றிச் சில நானோமீட்டர் அகலத்தை மட்டும் விடும் வடிகட்டியைக் காமிராவில் பொருத்தினால், ஊர் விளக்கொளியின் பெரும்பகுதி தடைப்படும்; நெபுலாவின் செவ்வொளியோ உட்புகும். ஒளி குறைவாதலின் நெடுநேரம் படம் பிடித்தல் வேண்டும்.

ஆயின், விண்மீன்களும் அண்டங்களும் பல நிறங்களிலும் ஒளிர்வன. அவற்றுக்கு இம்முறை போதாது. இருண்ட வானை நாடியே வைணு பாப்பு ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தார். தெருவிளக்கின் ஒளி தரையில் மட்டும் விழுமாறு மூடியமைத்தல், மாணவர் காணவேண்டிய வானையும் காக்கும்.