முகவரியோடு பிறக்கும் புரதங்கள்

கடிதத்தின் செய்தி எத்துணைச் சிறந்ததாயினும், உறையின்மீது முகவரி இல்லையேல் அது உரியவரைச் சென்றடையாது. செல்லுக்குள் உருவாகும் புரதங்களுக்கும் இது பொருந்தும்.

புரதங்களை உருவாக்குபவை ரைபோசோம்கள். அப்புரதங்களுள் சில செல்லுக்குள்ளேயே தங்கும். சில செல்சவ்வில் பதியும். சில வெளியே சுரக்கும். எது எங்குச் செல்ல வேண்டும் என்பது எவ்வாறு முடிவாகிறது? புரதத்தின் அமினோ அமில வரிசையிலேயே அதன் முகவரி அடங்கியுள்ளது என்று நிறுவியவர் குந்தர் புளோபெல். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1999ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார்.

இன்சுலினை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கணையத்தின் பீட்டா செல்களில் அது முதலில் 110 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியாக உருவாகிறது. அவற்றுள் முதல் 24 அமினோ அமிலங்களே முகவரி. இப்பகுதி ரைபோசோமிலிருந்து வெளிப்பட்டவுடன் ஒரு துகள் அதனைப் பற்றிக்கொள்கிறது. ரைபோசோமை எண்டோபிளாச வலையின் சவ்வில் கொண்டு சேர்க்கிறது. அங்குள்ள வாயில் வழியே சங்கிலி உள்ளே நுழைந்ததும் முகவரி வெட்டி நீக்கப்படுகிறது. எஞ்சிய பகுதி உரிய வடிவில் மடிந்து, கோல்கை உடலத்தைக் கடந்து, இன்சுலினாக நுண்பைகளில் சேமிக்கப்படுகிறது. இரத்தத்தில் சர்க்கரை உயரும்போது நுண்பைகள் செல்சவ்வோடு இணைந்து இன்சுலினை வெளியேற்றுகின்றன.

செல்சவ்வுக்குரிய புரதங்களோ முழுதும் உள்ளே செல்வதில்லை. அவற்றின் நீர்வெறுக்கும் பகுதி எண்டோபிளாச வலையின் சவ்விலேயே பதிந்துவிடுகிறது. பின்னர் அவை நுண்பைகளின் சவ்வோடு பயணம் செய்து செல்சவ்வை அடைகின்றன.

இம்முகவரியில் பிழை நேர்ந்தால் என்னவாகும்? இன்சுலின் முகவரியின் 24ஆம் அமினோ அமிலம் மாறுவதாலேயே பச்சிளங்குழந்தைக்கு நீரிழிவு உண்டாகலாம். வேறு சில குழந்தைகளிடம் பீட்டா செல்லின் சவ்விலுள்ள பொட்டாசியம் வாயிற்புரதம் பழுதுபட்டிருக்கும். சென்னை கோபாலபுரத்தைச் சார்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மரபணு மாற்றங்களை ஆராய்ந்து வருகிறது. பழுது பொட்டாசியம் வாயிலில் உள்ளது எனக் கண்டறிந்தால், பல குழந்தைகளுக்கு இன்சுலின் ஊசிக்கு மாற்றாக மாத்திரையே போதுமானதாகிறது.

இந்நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடி பேர் நீரிழிவுடன் வாழ்வதாக அது மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோரிடம் முகவரிப் பிழை இல்லை. ஆயினும் இன்சுலினின் ஆணை அவர்தம் தசைச்செல்களில் வலுவிழக்கிறது. சர்க்கரையை உள்ளே ஏற்கும் புரதங்கள் போதிய அளவில் செல்சவ்வை எட்டுவதில்லை. உடற்பயிற்சி அப்புரதங்களைச் சவ்வுக்கு வரச் செய்கிறது என்பது நம்பிக்கை தரும் செய்தியாகும்.

புரதம் உருவானால் மட்டும் போதாது. உரிய இடத்தை உரிய நேரத்தில் அடைந்தால்தான் அதனால் உடலுக்குப் பயன்.