‘கட்’ இல்லாத நாலு எபிசோடு

போன வாரம் ‘அடலசன்ஸ்’ பார்த்தேன். 2025-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிரிட்டிஷ் தொடர். கூடப் படித்த பெண்ணைக் கொன்றதாக 13 வயதுப் பையனைப் போலீஸ் பிடிக்கிறது. நாலு எபிசோடும் தலா ஒரே ஷாட். ஓரிடத்தில் கேமராவை ட்ரோனில் மாட்டிப் பறக்கவிட்டுத் திரும்பக் கையில் வாங்குகிறார்கள். சர்க்கஸ்தானே என்று நினைத்தேன்.

இல்லை. ‘கட்’தான் பார்க்கிறவன் மூச்சு விடுகிற இடம். மூன்றாவது எபிசோடில் உளவியலாளர் முன்னால் பையன் திடீரென்று எழுந்து கத்துகிறான். வெட்டி வேறு காட்சிக்குப் போக வழியே இல்லை. அந்தப் பயத்தோடு நாமும் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

எனக்கு உறைத்தது அதற்கு முந்தின எபிசோடு. எமோஜிகளுக்கு என்ன அர்த்தம் என்று இன்ஸ்பெக்டருக்கு அவர் மகன்தான் சொல்லித்தருகிறான். என் பையனுக்கும் 13. அங்கேயே நிறுத்திவிட்டு, “அந்த 100 எமோஜின்னா என்னடா?” என்றேன்.

“எதுக்குப்பா கேக்குற?” என்றவன், போனைக் கவிழ்த்து வைத்தான்.