வெயில் ஊரில் வளைவுக் குடில்

இருபது அடி பைப் ஒன்றை அரைவட்டமாக வளைத்து இரண்டு முனைகளையும் தரையில் ஊன்றினால், நடுவில் ஏறத்தாழ 12¾ அடி அகலம் கிடைக்கும். உச்சியின் உயரம் ஆறடியைத் தாண்டும். நிமிர்ந்து நின்றே வேலை பார்க்கலாம். நாலடிக்கு ஒன்றாக ஐந்து வளைவுகளை நட்டு, உச்சியில் நீளவாக்கில் ஒரு பைப்பை ஓடவிட்டுக் கட்டினால், கொல்லையில் 200 சதுர அடிக்கு ஒரு குடில் நின்றுவிடும். வளைத்த பைப் எந்நேரமும் நிமிரப் பார்க்கும். மேலே போர்த்தியதைத் தொய்யவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பது அந்த முறுக்குதான்.

என்ன போர்த்துவது என்பதில்தான் இருக்கிறது விஷயம். திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், குளிருக்கும் மழைக்கும் பாலித்தீன் போர்த்திய குடிலுக்குள் கார்னேஷன் போன்ற கொய்மலர்களை வளர்க்கிறார்கள். 300 மீட்டரைக்கூட எட்டாத திண்டுக்கல் சமவெளியில், சித்திரை மாதம் அதே குடிலை அதே பாலித்தீனோடு மூடிக் கட்டினால் செடிகள் வெந்துவிடும்.

உச்சிவெயில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. நம் 200 சதுர அடிக் குடிலின் மேல் விழுவது ஏறத்தாழ 18 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. ஓர் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் 3.5 கிலோவாட்தான், அப்படியானால் இந்தச் சின்னக் குடிலுக்கு ஐந்து ஏ.சி. வேண்டும்! இவ்வளவு வெப்பமும் உள்ளே தங்கிவிடுவது ஏன்? கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு, தரை திருப்பி அனுப்பும் அகச்சிவப்புக் கதிரைத் தடுத்துவிடுகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பெட்டியைக் கண்ணாடியால் மூடினார். இன்னொன்றை அகச்சிவப்பைத் தாராளமாக வெளியே விடும் பாறையுப்புத் தகட்டால் மூடினார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 55 டிகிரி வரை சூடேறின. சூடான காற்றை மேலெழுந்து போகவிடாமல் மூடி அடைத்து வைத்திருந்ததே அங்கே முக்கியக் காரணம். சாதாரண பாலித்தீனும் அகச்சிவப்பில் பெரும்பகுதியை வெளியே விடக்கூடியதுதான். அப்படியும் குடில் அடுப்பாகிறது என்றால், குற்றவாளி அடைபட்ட காற்றுதான்.

ஆகவே சமவெளியில் முதல் வேலை, காற்றைத் திறந்து விடுவது. ஷேட் நெட் அதைத்தான் செய்கிறது. 50 சதவீத நெட் பாதி வெயிலைத் தடுக்கும். சூடான காற்று அதன் கண்கள் வழியே போய்விடும். உள்ளே தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டால் வெளியே காட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இலைக்குத்தான் வித்தியாசம் தெரியும். நேர்வெயிலில் நிற்கும் இலை சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிவிடும். நிழலில் அந்தச் சுமை குறைகிறது, வேர் இறைக்க வேண்டிய தண்ணீரும் குறைகிறது. பாதி வெளிச்சம் போனால் செடி பட்டினி கிடக்காதா? தக்காளியின் தனி இலை ஒன்று, முழு வெயிலில் பாதியைக் கூடப் பயன்படுத்திக்கொள்ளத் திணறும். ஆனால் முழுச் செடி அப்படியில்லை. மேல் இலை கீழ் இலையை மறைப்பதால், காய்க்கும் செடிக்கு நாற்றைவிட அதிக வெளிச்சம் தேவை. கொல்லையில் நெட் போட்டவர்கள் "செடி நெட்டு நெட்டென்று வளருது, காய்க்க மாட்டேங்குது" என்று சொல்வது பெரும்பாலும் நிழல் மிஞ்சிப்போனதால்தான். என்னைக் கேட்டால், நாற்றுக்கும் கீரைக்கும் 50 சதவீதம் போதும். காய்க்கும் செடிக்கு அதைவிடக் குறைந்த நிழலே நல்லது.

நாற்றைக் காப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வெள்ளை ஈ. தக்காளிக்கு இலைச்சுருள் நச்சுயிரியைக் கொண்டுவந்து சேர்ப்பது அதுதான். இளம் நாற்றில் தொற்றினால் அந்தச் செடியிடம் விளைச்சலை எதிர்பார்க்க வேண்டாம். ஓர் அங்குலத்துக்கு 40, 50 இழைகள் ஓடும் பூச்சி வலை அதற்குத்தான். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் அனுப்பும் இந்த வட்டாரத்தில், குழித்தட்டில் தென்னை நார்க் கழிவை நிரப்பி, வலைக்குள் வளர்த்த நாற்றை வாங்கி நடுவது இன்று சாதாரணம். ரெட்டியார்சத்திரத்தில் இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இந்த முறையைக் கண்ணால் பார்க்க நல்ல இடம்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் மலைகளைத் தாண்டியும் ஆடியில் வரும் காற்றை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 60 கிலோமீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ விசையைத் தரும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. வளைந்த முதுகின் மேல் விரைந்தோடும் காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். முழுக்க பாலித்தீன் போர்த்தியிருந்தால் 50 கிலோகூட இல்லாத குடிலைப் பிடுங்க 300 கிலோ இழுவை புறப்பட்டுவிடும். எனவே ஒவ்வொரு காலுக்கும் இரண்டடி ஆழத்தில் முறுக்குக் கம்பி இறங்கியிருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கும் திண்டுக்கல் வரை வந்ததை மறந்துவிடக் கூடாது.

ஐப்பசி அடைமழைக்கு மட்டும் உச்சியில் ஒரு பாலித்தீன் கூரை தேவைப்படும். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி தயாரித்த 200 மைக்ரான் ஷீட்டாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண ஷீட் சில மாதங்களிலேயே பொடிந்துவிடும். உள்ளே கந்தகத் தூள் தூவினால், ஷீட்டைக் காக்கும் வேதிப்பொருளை அந்தக் கந்தகமே செயலிழக்கச் செய்துவிடும்.

பைப்பும் நெட்டும் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் சமவெளியில் நிழல் குடில் இருந்தது: வெற்றிலைக் கொடிக்கால். பக்கத்துச் சோழவந்தானின் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடே பெற்றது. வரிசையாக அகத்தியை வளர்த்து அதன் மேல் கொடியை ஏற்றுவார்கள். அகத்தியின் சிற்றிலைகள் வெயிலைச் சல்லடையாகச் சலித்துக் கீழே விடும். அந்த இலைகள் விடும் நீராவி காற்றைக் குளிர்விக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 கிலோவாட் மணி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வேர் முடிச்சில் நுண்ணுயிர்கள் நைட்ரஜனைச் சேர்க்கும், ஒடித்த கிளை ஆட்டுக்குத் தீவனமாகும். வெயில் குறைந்து மழை மூட்டம் வந்ததும் கிளைகளைக் கழித்துவிட்டால் நிழல் தானாகக் குறையும். கொல்லைக் குடிலில் இதே வசதி வேண்டுமென்றால், நெட்டைப் பைப்போடு இறுக்கிக் கட்டாமல், உள்ளே இரண்டு கம்பிகள் இழுத்து, திரைச்சீலை போல வளையங்களில் ஓடவிடுங்கள். காலையில் ஒதுக்கி, பத்து மணிக்கு மேல் இழுத்துவிடலாம்.