கழித்துக் கழித்துக் கைக்கு வந்த பாட்டு

அரவைப் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டுக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது கரும்பு ஏற்றிய டிராக்டர்களின் வரிசையைத்தான். கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவு சர்க்கரை ஆலையின் எடைமேடைக்கு முறை வரும்வரை ஓட்டுநர்களுக்குத் துணை பாட்டு. ஒரு காலத்தில் கேசட், பிறகு பென் டிரைவ், இன்று கைப்பேசி. இசைச் செயலிக்கு மாதச் சந்தா கட்டியவருக்கு இடையிடையே விளம்பரத் தொல்லை கிடையாது. பாகவதர் முதல் அனிருத் வரை, பெயரைத் தட்டிய மறுநொடி பாட்டு ஒலிக்கிறது.

கோடிக்கணக்கான பாடல்கள் இவ்வளவு எளிதாகக் கைக்கு வருவதற்குக் காரணம், அவற்றிலிருந்து பெரும்பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் நமக்குத் தருகிறார்கள் என்பது. ஒலியில் காதுக்கு எட்டாததை ஒரு கணக்கு கழிக்கிறது. பாடல்களில் நமக்குப் பிடிக்காது என்று கருதுவதை இன்னொரு கணக்கு கழிக்கிறது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டவர், கட்டிய அதே சந்தாவில் இன்னும் நன்றாகக் கேட்க முடியும்.

காதின் கணக்கு

1980, 90களில் பாட்டுப் பிரியர்கள் ஒரு தாளில் பாட்டு வரிசையை எழுதிக்கொண்டு ரெக்கார்டிங் சென்டருக்குப் போவார்கள். 60 நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டு அடங்கும். 90 நிமிடக் கேசட்டில் பதினெட்டு. அடுத்து எம்பி3 சிடி வந்தது. அதன் பிறகு செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவது ஒரு தொழிலாகவே நடந்தது. நகத்தளவுள்ள 4 ஜிபி கார்டில் ஏறத்தாழ 800 பாட்டு ஏறிவிடும். பதினெட்டு, எண்ணூறானதற்குப் பின்னால் இருப்பது ஒலிச் சுருக்க அறிவியல்.

மனிதக் காது அதிகபட்சம் நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். ஓர் ஒலியை எண்களாக மாற்ற வேண்டுமானால், அதிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அதை அளக்க வேண்டும். அதனால்தான் சிடியில் நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள். மொத்தம் நொடிக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றே 53 எம்பி அளவுக்கு வந்துவிடும்.

இதில் எதைக் குறைப்பது? டிராக்டர் எஞ்சின் உறுமும்போது பாட்டில் வரும் பேஸ் கிட்டார் காதில் விழாது. எஞ்சினை நிறுத்தியதும் அது கேட்கும். பேஸ் கிட்டார் எங்கும் போய்விடவில்லை. அதே அதிர்வெண் பகுதியில் வந்த பெரிய ஒலி அதை மூடிவிட்டது. ஒரு பாட்டுக்குள்ளேயே இது ஓயாமல் நடக்கிறது. தவில் அடி பலமாக விழுந்ததும், அடுத்த பத்தில் ஒரு நொடி அளவுக்கு மெல்லிய ஒலிகள் நமக்குச் சரியாகக் கேட்பதில்லை. எம்பி3 முறை பாட்டை 26 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த ஒலி எதை மூடுகிறது என்று கணக்கிடுகிறது. மூடப்பட்டதற்கு மிகக் குறைந்த பிட்டுகளை ஒதுக்குகிறது, அல்லது அடியோடு விட்டுவிடுகிறது.

இதற்கு முதலில் ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரித்தாக வேண்டும். அதற்கான கணித வழியைக் கண்டவர்களில் நம் பக்கத்து ஆட்கள் உண்டு. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1972-ல் இந்த ஆய்வுக்காக அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. முனைவர் பட்ட மாணவர் டி. நடராஜன், டெக்சாஸில் பணியாற்றிய நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் ‘டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற முறையை வெளியிட்டார். ராவ், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952-ல் பட்டம் பெற்றவர். கைப்பேசியில் எடுக்கும் ஜேபெக் படங்கள் சுருங்குவதும் இதே முறையால்தான். 1980களில் இதை ஒலிக்கு ஏற்றவாறு பிரின்சன், பிராட்லி, ஜான்சன் ஆகியோர் திருத்தி அமைத்தார்கள். எம்பி3, ஏஏசி, ஆக் வோர்பிஸ் என்று இசைச் சேவைகள் கையாண்டுவரும் முக்கியச் சுருக்க முறைகள் எல்லாவற்றுக்குள்ளும் அந்தக் கணிதம் ஓடுகிறது.

ஜெர்மனியின் எர்லாங்கனில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவரது குழுவினரும் எம்பி3-ஐ உருவாக்கியபோது சோதனைக்கு எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, சூசன் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’. பக்கவாத்தியம் இல்லாத தனிக்குரல் அது. மூடுவதற்குப் பெரிய ஒலி இல்லாததால், சுருக்கத்தின் குறைகள் அத்தனையும் வெளியே தெரிந்தன. அந்தக் குரல் சிதையாமல் வரும்வரை திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். எம்பி3 என்ற பெயர் 1995 ஜூலை 14 அன்று முடிவானது.

நேயருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. ஸ்பாட்டிஃபை செயலியில் நொடிக்கு 320 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் 144 எம்பி செலவாகும். 160-ல் 72 எம்பி. 96-ல் 43 எம்பி. ஓடும் வண்டியில் கேட்பவருக்கு 160-க்கும் 320-க்கும் வித்தியாசம் தெரியாது. எஞ்சின் சத்தம் அதைத் தின்றுவிடும். புளூடூத் ஸ்பீக்கருக்குப் போகும் பாட்டும் வழியில் மறுபடி ஒருமுறை சுருக்கப்படுகிறது. இராத்திரி அமைதியில், நல்ல கம்பி ஹெட்போனில், வீணையோ நாகஸ்வரமோ கேட்பவர்தான் உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடத்துக்குத் தக்கபடி தரத்தை மாற்றப் பெரும்பாலான செயலிகளில் வசதி இருக்கிறது.

மலையில் பாட்டு நிற்பது ஏன்?

விரல் பட்டதும் பாட்டு முழுவதும் வந்துவிடுவதில்லை. அருகில் உள்ள ஏதோ ஒரு சர்வரிலிருந்து முதல் சில நொடிகளுக்கான துண்டு வருகிறது. அது ஒலிக்கும்போதே மீதித் துண்டுகள் பின்னால் வந்து சேர்கின்றன. பாட்டு முடியும் தறுவாயில் அடுத்த பாட்டின் முதல் துண்டையும் செயலி முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறது. சிக்னல் ஓரிரு நிமிடம் விட்டுப்போனாலும் பாட்டு நிற்காததற்கு இந்தக் கையிருப்புதான் காரணம்.

மூங்கில்துறைப்பட்டிலிருந்து சங்கராபுரம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறும்போது இந்தக் கையிருப்பும் தீர்ந்துபோகும். கைப்பேசி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே ஒரு மலைமுகடு வந்தால் அதன் மறுபக்கம் அலை எட்டாத நிழல் விழுகிறது. இறக்கும் வசதியுள்ள சந்தா கட்டியவர்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு: வீட்டில் வைஃபை இருக்கும்போதே பாடல்களை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஸ்பாட்டிஃபையில், சந்தாத் திட்டத்தைப் பொறுத்து, ஒரு கருவிக்கு 10,000 பாடல்கள் வரை, ஐந்து கருவிகள் வரை இறக்கலாம். ஆனால் இறக்கிய பாட்டு நமக்குச் சொந்தமாகிவிடாது. அது பூட்டப்பட்ட கோப்பு. சாவியைச் செயலி வைத்திருக்கிறது. 30 நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைத்தால்தான் சாவி புதுப்பிக்கப்படும். சந்தா நின்றால் இறக்கியதும் நின்றுவிடும்.

கேட்காமலே வரும் நேயர் விருப்பம்

இலங்கை வானொலிக்கு அஞ்சலட்டை எழுதிப்போட்டு, தன் பெயரும் தன் பாட்டும் வருமா என்று வானொலிப் பெட்டியருகே காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. இன்றைய சேவை நேயர் விருப்பத்தைக் கேட்பதில்லை. கணக்குப் போட்டுச் சொல்கிறது.

அந்தக் கணக்கு இப்படி ஓடுகிறது. ஒவ்வொரு நேயருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நெடுவரிசை என்று மாபெரும் அட்டவணை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எதைக் கேட்டார், எதை முழுதாகக் கேட்டார், எதைப் பாதியில் தள்ளினார் என்பது அதில் பதிவாகும். உங்களைப் போலவே கேட்கும் ஆயிரம் பேர் விரும்பிய ஒரு பாட்டை நீங்கள் மட்டும் இன்னும் கேட்கவில்லை என்றால், அது உங்களைத் தேடி வரும். ‘இது 80களின் மெலடி’ என்று கணினிக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. கேட்கும் பழக்கத்திலிருந்து அதுவே அந்தப் பாடல்களை ஒரு கூட்டமாகச் சேர்த்துவிடுகிறது. இதோடு பாட்டின் வேகம், சுருதி, தாளத்தையும் கணினியே அலசிப் பார்க்கிறது. அந்தத் திறமைக்காகவே எக்கோ நெஸ்ட் என்ற நிறுவனத்தை ஸ்பாட்டிஃபை 2014-ல் வாங்கியது. திங்கள்கிழமைதோறும் முப்பது பாட்டுகளைத் தேர்ந்து தரும் ‘டிஸ்கவர் வீக்லி’ அடுத்த ஆண்டே வந்தது.

நம் வீடுகளில் இந்தக் கணக்கு தடுமாறுவதுண்டு. ஒரே கைப்பேசியில் ஆடி மாதம் அம்மன் பாட்டு, காலையில் சுப்ரபாதம், குழந்தை சாப்பிட மறுத்தால் நிலாப் பாட்டு, மாலையில் குத்துப்பாட்டு என்று ஓடினால், நான்கு பேரை ஓர் ஆளாக அது எண்ணிக்கொள்ளும். குழந்தைக்குப் போடும் பாடல் பட்டியலை ரசனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அமைப்பில் சொல்லலாம். குடும்பச் சந்தாவில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். இதைவிட முக்கியமானது, பரிந்துரைக்குக் காத்திருக்காமல் நாமே தேடுவது. ஏற்கெனவே பலர் கேட்டதையே மேலும் பலருக்குக் காட்டுவது இந்தக் கணக்கின் இயல்பு. கேட்க ஆளில்லாத பாட்டு அதில் அடியில் போய்விடும்.

காசு போகும் வழி

பெரும்பாலான சேவைகளில், ஒருவர் கட்டும் சந்தா அவர் கேட்ட பாடகருக்கு மட்டும் போவதில்லை. எல்லோருடைய பணமும் ஒரே தொகுப்பில் சேர்கிறது. மொத்தமாக எது எத்தனை முறை கேட்கப்பட்டதோ அந்த விகிதத்தில் உரிமையாளர்களுக்குப் பிரிகிறது. மாதம் முழுக்க ஒரே ஒரு நாகஸ்வரக் கலைஞரை மட்டும் நீங்கள் கேட்டிருந்தாலும், உங்கள் பணத்தின் பெரும்பகுதி நீங்கள் கேட்டே இராத பாடல்களுக்குப் போய்ச் சேரும். நேயர் கேட்டவருக்கே அவர் பணம் என்ற மாற்று முறையை சவுண்ட்கிளவுட் 2021-ல் கொண்டுவந்தது. இந்தியாவில் 2012-ல் நடந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை எழுதிக்கொடுத்து இழந்துவிடாதபடி பாதுகாப்பு தந்தது.

பட்டியலில் ஏறாதவை

ஒலியில் கழிக்கப்படுவது நமக்கு நட்டமில்லை. அது பெரும்பாலும் காதில் விழாதது. பாடல்களில் விடுபடுவது அப்படியல்ல. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள் தெருக்கூத்தின் தாய்மண். பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். வாத்தியார் எடுத்துக் கொடுக்க, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாட, முகவீணை உச்ச சுருதியில் ஊர் முழுக்கக் கேட்கும். இசைச் சேவையில் தேடினால் இது கிடைப்பது சொற்பம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பாடல்கள் வாய்வழியே வருபவை. அவை இன்னும் சொற்பம்.

இந்தச் சேவைகளின் வாசலுக்குள் நுழைய ஒரு பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட அடையாளக் குறி தேவை. சினிமாப் பாட்டுக்கு இசை நிறுவனம் வாங்கிவிடும். கூத்துக்கு வாங்க யாருமில்லை. ஆனால் இன்று டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகச் சேவைகள் வழியாகத் தனி ஆள்கூட இந்தக் குறியைப் பெற்றுப் பாட்டை ஏற்ற முடியும். நல்ல மைக் ஒன்றும், அமைதியான ஒரு மண்டபமும், கூத்துக் குழுவின் சம்மதமும் இருந்தால் போதும். வாத்தியார், பின்பாட்டு, முகவீணை, மிருதங்கம் என்று ஒவ்வொருவர் பெயரையும் அந்தப் பதிவோடு சேர்த்து எழுதிவிட வேண்டும்.

ஏற்றினால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டால்தான் அதற்குப் பணம் உண்டு. அதையும் ஒரே ஆள் போட்டுக்கொண்டே இருந்தால் செல்லாது, தனித்தனி நேயர்கள் வேண்டும். முப்பது நொடி ஓடினால் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. ஓர் ஊரில் நூறு பேர் ஆண்டுக்குப் பத்து முறை கேட்டால் ஆயிரம் ஆகிவிடும். பெங்களூருக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போயிருக்கும் மூங்கில்துறைப்பட்டுப் பிள்ளைகள் மட்டுமே நூறு பேருக்கு மேல் தேறுவார்கள். சந்தா கட்டியிருப்பவர்கள் தங்கள் பட்டியலில் ஊர்க் கூத்துப் பாட்டு ஒன்றுக்கு இடம் தரட்டும்.