தரையில் அமர்ந்த செல்லோ

பிடில் மேல்நாட்டு வாத்தியமே. ஆயினும் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அதனைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கிய பின், அதை அந்நியம் என்பார் எவருமிலர். வாசிப்பவர் தரையில் அமர்ந்தார்; தந்திகளும் நம் சுருதிக்கு மாறின.

அதன் பெரிய உறவான செல்லோவுக்கு நாற்காலி வேண்டும், தந்திகளோ நான்கே. நெதர்லாந்தில் பிறந்த சாஸ்கியா ராவ் த ஹாஸ், செல்லோவில் தேர்ந்தபின்னும் ஹரிபிரசாத் சௌராசியாவிடம் மாணவியாக அமர்ந்து ஹிந்துஸ்தானி இசை பயின்றார். தரையில் அமர்ந்து வாசிக்கத்தக்க சிறிய செல்லோவைச் செய்வித்தார். அதில் வாசிக்கும் தந்திகள் 5. உடன் ஒலிக்கும் தந்திகள் 10. வில் ஒரு சுரத்தை எழுப்ப, அச்சுருதியில் கூட்டிய தந்தி தீண்டாமலே அதிர்கிறது, நாதம் நீடிக்கிறது.

வாத்தியத்தைத் திருத்துதல் தச்சர் தொழில். கற்ற விரலை மீண்டும் கற்பித்தலோ கலைஞரின் தவம். பிடிலுக்குக் கிட்டிய உரிமை செல்லோவுக்கும் கிட்டுமா என்பதை நேயர்களின் செவியே தீர்மானிக்கும்.