கண்ணுக்குத் தெரியாத காயம்

பால் வெட்டும் கத்தி கையைக் கிழித்தால், காயம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். மனத்தில் பட்ட காயத்தை எவரிடம் காட்டுவது?

தீயில் கருகிய குழந்தையைத் தூக்கி வந்த தீயணைப்பு வீரர், பல மாதங்களுக்குப் பின்னும் உறக்கமின்றித் தவிக்கலாம். அக்காட்சி மீண்டும் மீண்டும் அவர் கண்முன் தோன்றும். இது கோழைத்தனமன்று, மருத்துவம் ஏற்றுக்கொண்ட நோயாகும்.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், இத்தகைய நோய்க்கு நட்ட ஈடு பெற, அது திடீரென, எதிர்பாராமல் நேர்ந்த கொடிய நிகழ்ச்சியால் வந்ததென மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அன்றாடம் விபத்துகளையே காணும் பணியாளர் இதனை எவ்வாறு மெய்ப்பிப்பார்?

2016 ஏப்ரலில் இயற்றப்பட்ட சட்டம் இந்நிலையை மாற்றியது. தீயணைப்பாளர், போலீஸார், ஆம்புலன்ஸ் ஊழியர் முதலியோருக்கு இந்நோய் இருப்பதாக மனநல மருத்துவரோ உளவியல் நிபுணரோ உறுதிசெய்தால், அது பணியால் விளைந்ததென்றே கொள்ளப்படும். அன்று என்று மறுப்போரே சான்று காட்ட வேண்டும். ஆயினும், பணிநீக்கம், ஒழுங்கு நடவடிக்கை போன்ற முதலாளியின் முடிவுகளால் வந்த நோய்க்கு இது பொருந்தாது.

நம் நாட்டின் 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் உதவ ஓடுவோரை மறக்கவில்லை. புகைக்கூடத்தில் தீப்பற்றும்போது, உள்ளே சிக்கியவரை மீட்க முனைந்து சந்தாதாரர் ஒருவர் விபத்துக்குள்ளானால், அது வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும்.

ஆகவே, விபத்து நேர்ந்தால் காலந்தாழ்த்தாது நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். பின்னர் உறக்கம் கெட்டு, அச்சம் நீங்காதிருந்தால், அதனையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.