வாஷ்பர்ன் சிகரம்

இந்தியானா மாநிலத்தின் நியூபோர்ட் என்ற சிற்றூரில் வக்கீலாக இருந்தவர் ஹென்றி டி. வாஷ்பர்ன். உள்நாட்டுப் போரில் 18ஆம் இந்தியானா காலாட்படையோடு போனவர். 1870இல், மொன்டானாவின் தலைமை நில அளவையாளராக இருந்தபோது, யெல்லோஸ்டோன் ஆய்வுக் குழுவை நடத்தினார். ஆகஸ்ட் 28 அன்று வழி பார்க்க முன்னே போனவர், இந்த உச்சியிலிருந்து தெற்கே பெரிய ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மறுநாள் ஏறிவந்த குழுவினர் மலைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

செப்டம்பரில் குழுவில் ஒருவரான ட்ரூமன் எவர்ட்ஸ் காட்டில் வழி தவறினார். குளிரிலும் பனியிலும் நாள்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. முட்செடியின் வேரை வெந்நீர் ஊற்றில் வேகவைத்துத் தின்றே எவர்ட்ஸ் 37 நாள் தாக்குப்பிடித்தார், பிழைத்தும் விட்டார். ஏற்கெனவே உடல் நலிந்திருந்த வாஷ்பர்ன்தான் தேறவில்லை. 1871 ஜனவரியில், 38 வயதில் காலமானார். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைந்தது 1872 மார்ச்சில்.